கேலரிக் குரல்: பள்ளி ஃபுட்பால் கேள்வி – பதில்

வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கப் பள்ளி மைதானத்தில் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் கீழே புல்லில் நடக்கும், இன்னொன்று மேலே கேலரியில் நடக்கும். இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாம் மேலே நடக்கும் ஆட்டத்தைப் பற்றியவை. எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரன்னா பாஸா (பந்தோடு ஓடுவதா, எறிவதா) என்ற சண்டையில் பெரும்பாலும் கோச் பக்கம்தான் நியாயம் இருக்கும். நான்காவது டவுன், இரண்டு புள்ளி முயற்சி, கடிகாரம் என்று வந்தால் பெரும்பாலும் கேலரிதான் சரி.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான மாநிலப் பள்ளிகள் என்.எஃப்.எச்.எஸ். எனப்படும் தேசியப் பள்ளிக் கூட்டமைப்பின் விதிப்படி ஆடுகின்றன. டெக்சஸ் பள்ளிகள் சில மாற்றங்களோடு கல்லூரி விதியைப் பின்பற்றுகின்றன. டல்லாஸ் அத்திம்பேர் சொல்வதும் நியூ ஜெர்சி மாமா சொல்வதும் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேரன் ஆடும் வீடியோவை அனுப்புகிறார்கள். நாலு செகண்டு ஓடுகிறார்கள், நிறுத்துகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?
– வாசகி, மயிலாப்பூர்

அந்தக் கூடிப் பேசுவதில்தான் சண்டையே. பந்து கையில் இருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக 4 வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். ஒவ்வொரு டவுனுக்கும் முன்னால் யார் ஓடுவது, யார் மறிப்பது, யாருக்கு எறிவது என்று கோச் ஒரு திட்டம் சொல்கிறார். அதுதான் ப்ளே. எறிபவன் குவார்ட்டர்பேக், பிடிக்கப் போகிறவன் ரிசீவர். மூன்று டவுனில் 10 யார்டு வரவில்லை என்றால், நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம் (அது பன்ட்), அல்லது துணிந்து ஆடலாம். துணிந்து தோற்றால் பந்து அங்கேயே கைமாறும். கபடியில் ‘டூ ஆர் டை’ ரெய்டுக்குப் போகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ‘போகாமலே இருந்துவிடலாம்’ என்ற வசதியும் இருப்பதால்தான் இத்தனை விவாதம்.

கணக்கு: பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், அதற்கு 6. அதன் பிறகு உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் 2. ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஃபீல்டு கோல், அதற்கு 3.

எங்கள் குவார்ட்டர்பேக்குக்கு நல்ல கை. வலது ஓரத்தில் ரிசீவர் தனியாக நிற்கிறான், அவனைப் பார்த்துக்கொள்பவன் 8 யார்டு தள்ளி நிற்கிறான். 10 யார்டு ஓடி ஓரமாகத் திரும்பினால் சுலபமான பாஸ். கோச் ஏன் அதைப் போடவே மாட்டேன் என்கிறார்?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

அந்த நேரத்தில் பந்து எந்த ஹாஷ் கோட்டில் இருந்தது என்று பார்த்தீர்களா? கேலரியில் யாருமே பார்க்காத விஷயம் இது. மைதானத்தின் நீளவாக்கில் போட்ட இரண்டு வரிசைக் குறிகள்தான் ஹாஷ் கோடுகள். ஒவ்வொரு டவுனும் அவற்றின் மேலோ இடையிலோதான் தொடங்கும்.

மைதானத்தின் அகலம் 160 அடி. பள்ளி விதியில் ஹாஷ் கோடுகள் அதைச் சரியாக மூன்றாகப் பிரிக்கின்றன: ஓரத்திலிருந்து 53 அடி 4 அங்குலம். பந்து இடது ஹாஷில் இருந்தால் வலது ஓரம் 106 அடி 8 அங்குலம், அதாவது முப்பத்தைந்தரை யார்டு தள்ளி. குவார்ட்டர்பேக் 5 யார்டு பின்னால் நிற்கிறான். ரிசீவர் 10 யார்டு முன்னால், ஓரக் கோட்டுக்கு 2 யார்டு உள்ளே பிடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணத்தைப் போட்டுப் பாருங்கள்: பந்து காற்றில் போக வேண்டிய தூரம் சுமார் 37 யார்டு. கிடைப்பது 10 யார்டு. அதே பாஸை வலது ஹாஷிலிருந்து எறிந்தால் 22 யார்டுதான்.

தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதை அநாயாசமாக எறிகிறார்களே என்பீர்கள். அங்கே ஹாஷ் கோடுகள் நடுவில் நெருக்கமாக இருக்கும். இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். அதனால் தூரப் பக்கத்து எறிதலும் முப்பத்தொன்றரை யார்டில் முடிந்துவிடும். பதினேழு வயதுப் பையன் அதைவிட ஐந்து யார்டு அதிகமாக, தட்டையாக எறிய வேண்டும். கொஞ்சம் மிதந்தால் அந்த 8 யார்டு தள்ளி நிற்பவன் பாய்ந்து பிடித்துவிடுவான். அவனுக்கு முன்னால் மறுகோடி வரை ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

ஒருவேளை அவன் 8 யார்டு தள்ளி நிற்பதே ‘எறி, பார்க்கலாம்’ என்ற அழைப்பாகவும் இருக்கலாம். பந்து வலது ஹாஷில் இருந்தும் கோச் அந்தப் பாஸைத் தொடவில்லை என்றால் நீங்கள் தாராளமாகக் கத்தலாம்.

மூன்றாவது டவுன், 12 யார்டு வேண்டும். கோச் ரன் போடுகிறார்! ஒரு தடவை இல்லை, நாலு தடவை. இதற்கு என்ன சமாதானம்?
– வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

அது கோச் போட்ட ரன்தானா என்பதே முதல் சந்தேகம். இப்போது பல பள்ளிகள் ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன்) ஆடுகின்றன. ஒரே ப்ளேயில் ரன்னும் உண்டு, பாஸும் உண்டு. ஸ்னாப் ஆன பிறகு, அதாவது நடுவில் இருக்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த பிறகு, குவார்ட்டர்பேக் ஒரே ஒரு தடுப்பாளரைப் பார்த்து முடிவெடுக்கிறான். அவன் ரன்னை நோக்கிப் பாய்ந்தால் பந்து அவன் தலைக்கு மேலே பறக்கும், பின்வாங்கினால் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கையில் போகும். கோச்சைத் திட்டுகிறீர்கள், தேர்ந்தெடுத்தது பையன். இந்த ப்ளே டெக்சஸில் செழிப்பதற்கு ஒரு விதியும் உதவுகிறது. மறிக்கும் லைன்மேன், பாஸ் எறியப்படுவதற்கு முன் கல்லூரி விதியில் 3 யார்டு வரை முன்னே போகலாம். மற்ற மாநிலங்களில் 2 யார்டுதான். அந்த ஒரு யார்டுக்குள் குவார்ட்டர்பேக்குக்கு அரை மூச்சு அதிகம் கிடைக்கிறது.

இரண்டாவது, டிரா. 12 யார்டு வேண்டும் என்று தெரிந்தால் தடுப்பாளர்கள் எல்லோரும் அந்த 12 யார்டுக் கோட்டுக்குப் பின்வாங்கி நிற்பார்கள். ஸ்னாப்புக்கு முன் எண்ணிப் பாருங்கள்: மறிக்கும் வரிசையின் இரு ஓரத்தில் நிற்கும் டேக்கிள்களுக்கு இடையில், 5 யார்டு ஆழத்துக்குள் எத்தனை தடுப்பாளர்கள்? அந்தப் பெட்டிக்குள் ஐந்து பேர்தான், மறிக்க நம் ஆட்கள் ஐவர் என்றால், பாஸ் போல எழுந்து நின்று காட்டிவிட்டு ரன்னிங் பேக்கிடம் கொடுப்பது (அதுதான் டிரா) மோசமான யோசனை இல்லை. ஏழு பேர் நிற்கும்போதும் டிரா போட்டால், கத்துவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவது காரணம் கசப்பானது. 12 யார்டு தாண்டிப் போய்ப் பிடிக்கும் பாதைக்குக் கிட்டத்தட்ட 3 விநாடி வேண்டும். உங்கள் இடது டேக்கிள் அவ்வளவு நேரம் தாங்க மாட்டான் என்று கோச்சுக்குத் திங்கள்கிழமையே தெரியும். எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைப் பின்னால் வீழ்த்திவிட்டால் (அது சாக்) 7 யார்டு போகும், கையிலிருந்து பந்து நழுவினால் எல்லாமே போகும்.

இத்தனை சொன்ன பிறகும், நான்காவது குவார்ட்டரில் இரண்டு டச் டவுன் பின்னால் இருக்கும்போது இந்த மூன்று சமாதானமும் செல்லாது. அப்போது நல்ல இடத்திலிருந்து பன்ட் செய்து என்ன பயன்? இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆட்டம் முழுக்க மூன்றாவது டவுனில் 12, 11, 13 என்றே வருகிறது என்றால் நோய் மூன்றாவது டவுனில் இல்லை. முதல் டவுனில் என்ன போட்டு என்ன ஆயிற்று என்று எழுதி வையுங்கள்.

நான்காவது டவுன், 2 யார்டு வேண்டும், எதிரணியின் 38-ஆவது யார்டில் பந்து. எங்கள் கோச் பன்ட் செய்தார். பந்து கோலுக்குள் உருண்டது. சரியா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

தப்பு. யார்டு எண் கோல் கோட்டிலிருந்து எண்ணுவது. கழித்துப் பாருங்கள். பன்ட் கோல் கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு 20-ஆவது யார்டில் பந்து. துணிந்து ஆடித் தோற்றிருந்தால் 38-இல். உங்கள் கோச் தன் பந்தை விற்றுப் பெற்ற விலை 18 யார்டு. கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை நிறுத்தத் தெரிந்த உதைப்பவன் பள்ளியில் அபூர்வம். அப்படி ஒருவன் இருந்தால் மட்டுமே இது விவாதத்துக்குரியது.

இதற்கு மூன்றாவது வழி ஒன்று பள்ளி விதிப் புத்தகத்தில் இருக்கிறது. பாதிக் கோச்சுகள் மறந்துவிடுகிறார்கள். என்.எஃப்.எச்.எஸ். விதியில் ஃபீல்டு கோல் தவறி, கோல் கோட்டைத் தாண்டினால் அது பன்ட் மாதிரிதான்: எதிரணி 20-இல் தொடங்கும். உதாரணமாக 31-ஆவது யார்டில் பந்து நிற்கிறது. கோல் கோட்டிலிருந்து கம்பம் வரை 10, பந்தைப் பிடித்து வைப்பவன் பின்னால் 7, ஆக 48 யார்டு உதை. உள்ளே போனால் 3 புள்ளி. தவறினாலும் 20-ஆவது யார்டுதான். பள்ளிகளில் கோல் கம்பங்களின் அகலமும் 23 அடி 4 அங்குலம். தொழில்முறையில் 18 அடி 6 அங்குலம். பந்தை ஒரு சிறு மேடையில் வைத்து உதைக்கவும் அனுமதி உண்டு. காலில் வலு உள்ளவன் இருந்தால் அந்த இடத்தில் பன்ட் என்பது வீண்.

இரண்டு ஜாக்கிரதை. உதை குட்டையாக விழுந்தால் எதிரணி எடுத்துக்கொண்டு ஓடலாம். களத்தில் இருப்பவர்கள் கனத்த லைன்மேன்கள், துரத்திப் பிடிக்க மாட்டார்கள். டெக்சஸில் இந்த வித்தை பலிக்காது: அங்கே தவறினால் பந்து ஸ்னாப் செய்த இடத்துக்கே திரும்பிவிடும்.

ஒரு பள்ளி பன்ட்டே செய்யாமல் ஆடியதாமே? எல்லோரும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?
– வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

ஆர்க்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் உள்ள புலாஸ்கி அகாடமி. 2003 முதல் 2020 வரை தலைமைக் கோச்சாக இருந்த கெவின் கெல்லி 9 மாநிலப் பட்டங்கள் வென்றார். பன்ட் கிட்டத்தட்டக் கிடையாது. தொடக்க உதையையும் பெரும்பாலும் குட்டையாக உதைத்துத் தானே எடுக்கப் பார்ப்பார்கள். 2011-இல் காபட் பள்ளி அணிக்கு ஒரு ப்ளே ஆடக் கிடைப்பதற்கு முன்பே புலாஸ்கி 29–0 முன்னிலை. பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர், தொழில்முறை அணிகள் நான்காவது டவுனில் தேவைக்கு அதிகமாகப் பயப்படுகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு கெல்லிக்குத் துணை நின்றது.

கணக்கு எளிது. நான்காவது டவுனிலும் ஆடுவோம் என்று முன்பே தீர்மானித்துவிட்டால், மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவைப்படும்போதும் 5 யார்டு பாஸ் போடலாம். மீதி 3-ஐ அடுத்ததில் எடுக்கலாம். எதிரணியால் ‘இது பாஸ்தான்’ என்று அறுதியிட முடியாது. பன்ட்டைக் கைவிடுவதன் உண்மையான லாபம் நான்காவது டவுனில் கிடைப்பதில்லை, மூன்றாவதில் கிடைக்கிறது.

எல்லோரும் செய்யாததற்குக் காரணம்: இதற்குப் பதற்றமில்லாமல் குட்டைப் பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் ஆண்டுதோறும் வேண்டும். புலாஸ்கியில் கிடைத்தார்கள். கெல்லி 2021-இல் பிரெஸ்பிட்டீரியன் கல்லூரிக்குப் போனார். 2 வெற்றி, 9 தோல்வி, ஒரே ஆண்டில் விலகினார். முறை தப்பு என்று அதற்கு அர்த்தமில்லை. தன்னைவிடப் பலமான அணிகளை முறையை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. இன்னொரு காரணம், பன்ட் செய்து தோற்ற கோச்சை யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை.

14 புள்ளி பின்னால். ஒரு டச் டவுன் போட்டோம். இப்போது 8 புள்ளி வித்தியாசம். என் கணவர் ‘இரண்டு புள்ளிக்குப் போ’ என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கோச் உதைத்தார்.
– வாசகி, சான் ரமோன், கலிபோர்னியா

உங்கள் கணவர் சரி. சிரித்தவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நடுத்தரப் பள்ளி அணி என்று வைப்போம். உதை 100-க்கு 80 முறை உள்ளே போகும். இரண்டு புள்ளி முயற்சி 100-க்கு 40 முறை பலிக்கும். இன்னொரு டச் டவுன் போட்டுவிடுவோம், எதிரணி புள்ளி எடுக்காது, ஓவர்டைம் பாதிக்குப் பாதி.

கோச்சின் வழி, உதை: இரண்டு உதையும் உள்ளே போக 0.8 × 0.8, அதாவது 64 சதவீதம். போனாலும் சமன்தான், ஓவர்டைமில் பாதி, 32. முதல் உதை தவறி, இரண்டாவதில் 2 எடுத்துச் சமன் செய்து ஜெயிப்பது 4. மொத்தம் 36 சதவீதம்.

உங்கள் கணவரின் வழி: 40 சதவீதம் முதலிலேயே 2 கிடைக்கிறது. இப்போது வித்தியாசம் 6. அடுத்த டச் டவுனில் சமன், உதை போனால் ஜெயம்: 32. உதை தவறினாலும் ஓவர்டைமில் 4. முதலில் பலிக்காத 60 சதவீதத்தில், அடுத்த டச் டவுனில் 2 எடுத்துச் சமன் செய்து ஜெயிப்பது 12. மொத்தம் 48.

36-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரப் பயிற்சியில் சம்பாதிக்க முடியாது. உதை தவறவே தவறாத அணிக்கும்கூட, இரண்டு புள்ளி முயற்சி 38 சதவீதத்துக்கு மேல் பலித்தால் இதுதான் சரி. முதலில் தவறினால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் சூட்சுமம்.

எப்படி ஆடுவது? பந்து 3-ஆவது யார்டில். இரண்டு ஹாஷுக்கு இடையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கச் சொல்லலாம். இதையும் பலர் கேட்பதே இல்லை. வலக்கைக் குவார்ட்டர்பேக் என்றால் இடது ஹாஷில் வைத்து, அவனை வலது பக்கம் ஓடவிட்டு, ‘வழி இருந்தால் ஓடு, இல்லையென்றால் எறி’ என்பது நம்பகமானது. உயரத் தூக்கி மூலைக்கு எறிவது பார்க்க அழகு. பந்து பெரும்பாலும் புல்லுக்குத்தான் போகும்.

5 புள்ளி முன்னிலை, 1:35 மீதி, முதல் டவுன் எங்களுடையது. எதிரணியிடம் டைம் அவுட் இல்லை. கோச் பாஸ் போட்டார், எதிரணி பிடித்துவிட்டது, தோற்றோம். ‘எதிரணி எதிர்பார்க்காததைச் செய்தார்’ என்கிறார் நண்பர்.
– வாசகர், கேரி, வட கரோலினா

நண்பருக்குப் பெரிய மனசு. இது கூட்டல் கணக்கு மட்டுமே. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி முட்டி போட்டால் அந்த டவுன் முடியும், ஆனால் எதிரணி டைம் அவுட் கேட்காதவரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முட்டி போட 2 விநாடி, அடுத்த ஸ்னாப்புக்கு 40 விநாடி காத்திருக்கலாம். நான்கு முட்டிக்கு 8 விநாடி, நடுவில் மூன்று காத்திருப்பு 120. முதல் டவுனில் தொடங்கினால்:

எதிரணியிடம் டைம் அவுட் இல்லை: 2:08
ஒன்று இருந்தால்: 1:28
இரண்டு: 0:48
மூன்று: 0:08

இந்த நாலு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரம் அதற்குள் இருந்தால் ஆட்டம் முடிந்துவிட்டது. உங்களுக்கு 1:35, டைம் அவுட் இல்லை. மூன்றாவது முட்டியோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நடைமுறையில் காத்திருப்பில் ஒன்றிரண்டு விநாடி கசியும், ஆகவே விளிம்பில் நின்றால் ஒரு முட்டியைக் கூடுதலாகக் கணக்கில் வையுங்கள்.

எண்ணுக்கு மேலே இருந்தால் ரன் போட வேண்டியதுதான், மூன்று கட்டளையோடு: ஓரக் கோட்டைத் தாண்டாதே, பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொள், எழுந்திருக்க அவசரப்படாதே. இதைச் சொல்லிக் கொடுக்காத அணியின் ரன்னிங் பேக் 6 யார்டு அதிகம் ஓடிப் பெருமையோடு வெளியே போவான், கடிகாரம் நின்றுவிடும். அப்போது திட்ட வேண்டியது பையனை அல்ல.

ஓவர்டைமில் டாஸ் ஜெயித்து எங்கள் கோச் தடுப்பாட்டத்தை எடுத்தார். பந்தை வாங்காமல்?
– வாசகர், மேரிலாண்ட்

சரியாகச் செய்தார். பல மாநிலங்களில் ஒவ்வொரு அணிக்கும் 10-ஆவது யார்டிலிருந்து 4 டவுன். டெக்சஸில் 25-ஆவது யார்டு. இரண்டாவதாக ஆடுபவருக்கு எத்தனை புள்ளி தேவை என்று தெரியும். சேஸ் செய்யும் அணியின் சௌகரியம்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளி இன்னும் ஓட்டத்தை நம்பிய ‘விங்-டி’ முறையில் ஆடுகிறது. பாஸே இல்லை. புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்குப் பொறுமை போய்விட்டது.
– வாசகர், பெல்வியூ, வாஷிங்டன்

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! கலிபோர்னியாவின் டி லா சால் பள்ளி 1992 முதல் 2004 வரை 151 ஆட்டம் தோற்காமல் இருந்தது. அந்தத் தொடரை முறித்தது பெல்வியூ உயர்நிலைப் பள்ளி, 39–20. முறித்த ஆயுதம் விங்-டி. தோற்ற டி லா சாலும் பாஸ் அணி அல்ல. ‘வீர்’ என்ற அவர்களுடைய ஆட்டமுறையும் ஓட்டத்தை நம்பியதுதான்.

விங்-டியை வளர்த்தது டெலவேர் பல்கலைக்கழகம். அதன் நுட்பம் ஒரே முகத்தோடு மூன்று ப்ளே. அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு இரண்டு கார்டுகளை மட்டும் பாருங்கள். சென்டருக்கு இருபுறமும் இருப்பவர்கள். பக் ஸ்வீப் என்றால் இருவரும் லைனை விட்டுப் பின்வாங்கி வலப்புறம் ஓடுவார்கள், பந்தோடு வருபவனுக்கு வழி திறக்க. அதே நேரம் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் நடுவில் பந்து வாங்கியது போல் பாய்வான். தடுப்பாளர் கார்டுகளைத் துரத்தினால் அடுத்த முறை பந்து உண்மையிலேயே ஃபுல்பேக்கிடம் போகும், அது டிராப். நடுவில் அடைத்தால் மூன்றாவது முறை, ரன்னிங் பேக்குகள் ஒரு பக்கம் ஓட, குவார்ட்டர்பேக் மறுபக்கம் வெளியேறி எறிவான், அது வாகிள். குட்டையான லைன்மேன்களுக்கு ஏற்றது, ஏனென்றால் எதிராளியை நேருக்கு நேர் தள்ள வேண்டியதில்லை, பக்கவாட்டுக் கோணத்தில் இடித்தால் போதும்.

எங்கே கெடும்? இழுபடும் கார்டு அரை அடி ஆழமாகப் பின்வாங்க மறந்தால் ஃபுல்பேக் மீதே மோதுவான். பந்து இல்லாதவன் பந்து இருப்பவனைப் போல ஓடச் சோம்பல்பட்டால் ஏமாற்று வெளுத்துவிடும். 17 புள்ளி பின்னால் போய்விட்டால் நேரமும் போதாது. உங்கள் பொறுமையை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள், முதல் குவார்ட்டரில் செலவழிக்க வேண்டாம்.

மேற்கு டெக்சஸில் ஆறு பேர் ஆட்டம் பார்த்தேன். உதைத்தால் 2, ஓடினால் 1 என்று தலைகீழாகப் போடுகிறார்களே?
– வாசகர், மிட்லாண்ட், டெக்சஸ்

தலைகீழ் இல்லை. ஆறு பேரில் உதைப்பவன், பந்தைப் பிடிப்பவன், ஸ்னாப் செய்பவன் போக மறிக்க மூவர்தான் மிச்சம். உதைப்பது கடினம், எனவே 2. ஃபீல்டு கோலுக்கும் 4. மைதானம் 80க்கு 40 யார்டு, புதிய டவுனுக்கு 15 யார்டு, ஆறு பேரும் பாஸ் பிடிக்கலாம், ஸ்னாப்பை வாங்கியவன் நேராகக் கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது. இடைவேளையிலோ அதன் பிறகோ வித்தியாசம் 45 ஆனால் ஆட்டம் முடிந்தது. நெப்ராஸ்காவில் 1934-இல் ஸ்டீஃபன் எப்லர் உருவாக்கினார். டெக்சஸில் மாணவர் எண்ணிக்கை 105-ஐ எட்டாத பள்ளிகள் ஆடுகின்றன. நல்ல உதைப்பவன் ஒருவன் உள்ள ஊரில் கேலரிச் சண்டையே இருக்காது.

மகன் கையில் ஒரு பட்டை கட்டியிருக்கிறான். கோச் நம்பர் கத்துகிறார். ஆனாலும் ‘டிலே ஆஃப் கேம்’ ஆகி 5 யார்டு போகிறது. ஏன்?
– வாசகி, பிளேனோ, டெக்சஸ்

அந்தப் பட்டைக்குள் ப்ளேக்களின் பட்டியல். 34 என்று கத்தினால் 34-ஆவது கட்டத்தில் உள்ளதைப் படிக்க வேண்டும். ஒரு ப்ளே முடிந்து அடுத்த ஸ்னாப் வரை மொத்தம் 40 விநாடி, தாண்டினால் ‘டிலே ஆஃப் கேம்’. கேலரிக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்திருக்கும் துணைக் கோச் டவுன், தூரம், ஹாஷ் மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். கீழே ஹெட்செட்டில் சொல்கிறார். கீழே இருப்பவர் கை ஜாடையிலோ நம்பரிலோ அனுப்புகிறார். பதினொரு பேரும் அதைப் புரிந்துகொண்டு நிற்க வேண்டும். அதன் பிறகுதான் குவார்ட்டர்பேக் எதிரணியைப் பார்க்கிறான். 25 விநாடி மிச்சம் இருக்கும்போது ப்ளே அவனிடம் வந்துவிட வேண்டும். 12-இல் வந்தால் ஒன்று 5 யார்டு போகும், அல்லது எதிரணியைப் பார்க்காமலே ஸ்னாப் ஆகும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. அடுத்த ஆட்டத்தில் உங்கள் மகன் எத்தனையாவது விநாடியில் பட்டையைப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். தாமதம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கோச்சிடம் போய்ப் பேசலாமா?
– வாசகர், ஆலன், டெக்சஸ்

ஆட்டம் முடிந்த இரவு வேண்டவே வேண்டாம். 24 மணி நேரம் பொறுக்கச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். பிறகும் ‘ஏன் அந்த ப்ளே’ என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். ‘என் பையன் இந்த வாரம் எதைப் பயிற்சி செய்ய வேண்டும்’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

கை பரபரத்தால் ஒரு தாளில் ஆறு பத்தி போடுங்கள்: டவுன், தேவைப்படும் யார்டு, எந்த ஹாஷ், பெட்டிக்குள் எத்தனை பேர், ரன்னா பாஸா, கிடைத்த யார்டு. பையனிடம் ‘ஹட்ல்’ என்ற ஆட்ட வீடியோ தளத்தில் உள்ள ஆட்டப் படத்தைக் கேட்டு வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்து நிரப்புங்கள். மூன்று ஆட்டம் போதும். இடது ஹாஷ், முதல் டவுன் என்றால் உங்கள் அணி எப்போதும் வலப்புறமே ஓடுகிறது என்பது போன்ற ஏதோ ஒன்று கண்ணில் படும். அதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அடுத்த வெள்ளிக்கிழமை கேலரியில் உரக்கச் சொல்ல வேண்டாம். எதிரணி கோச்சிடம் அதே தாள் ஞாயிற்றுக்கிழமையே தயாராகியிருக்கும்.